கவர் டீயின் சூடு

டொப்பென்று ஏதோ விழுந்தது. உருண்டது, சுவரில் முட்டியது, நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கண்ணைத் திறக்கவில்லை நான். திறக்காமலே தெரிகிறது, எவர்சில்வர் இல்லை, எவர்சில்வர் விழுந்தால் வீட்டில் சண்டை என்று தெருவே எட்டிப் பார்க்கும், இது வயிற்றில் ஒன்றுமில்லாத சத்தம், விழுந்தாலும் தனக்கு வலிக்காத மாதிரி ஒரு சத்தம். பிளாஸ்டிக். டப்பா தனி, மூடி தனி. நடுநடுவே கண்ணாடி வளையல்கள் குலுங்குகின்றன, போன வாரம் வளைகாப்பில் இரண்டு கையிலும் அடுக்கியவை. சுகா அடுக்களையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். என் மகள், சுகப்பிரியா, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, அவளுக்காக முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவிக்கொண்டிருந்தவள் பாதியில் அப்படியே சாய்ந்திருக்கிறேன் போல. கன்னத்துக்குக் கீழே சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது, விரலில் பச்சை வாசம். பகல் தூக்கம் தூக்கமே இல்லை. பால் மேல் ஆடை மாதிரி மெலிசாக ஒன்று படியும், யார் தொட்டாலும் கிழியும். இத்தனை வருசம் ராத்திரி வேலை பார்த்து எனக்கு இந்த ஆடை மட்டும்தான் மிச்சம், அதற்கு மேல் ஆழமாகப் போனதில்லை. இன்றைக்கு அது கிழிந்த பிறகும் கண்ணை மூடியே கிடக்கிறேன். பயமாக இருக்கிறது. அவள் அந்த டப்பாக்களை எறிவதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து போனால் எங்கே வந்து நிற்கும் என்பதும் தெரியும். அங்கே நான்தான் நிற்கிறேன், நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினுக்குப் பக்கத்தில், பல்லில் ஒரு பாலிதீன் கவரைக் கடித்துக்கொண்டு, வயிற்றில் அவளோடு.

நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப்புக்குப் போனபோது மாசமான பெண்கள் எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்து டாக்டரம்மா பேசினாராம். நான் வெளியே மருந்து வரிசையில் நின்றேன். வரும்போது ஷேர் ஆட்டோவில் சுகா நிறுத்தாமல் சொன்னாள், அவள் எதையும் நிறுத்திச் சொன்னதில்லை, சூடான எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றக் கூடாதாம்மா, சூட்டுக்கு அதிலிருந்து என்னென்னவோ இறங்குதாம், கண்ணுக்குத் தெரியாதாம், உடம்புக்குள்ளே சுரக்கிறதோடு குழம்பிக்கிடுதாம், நம்ம உடம்பு அதைத் தன்னோட ஆளுன்னு ஏமாந்து உள்ளே விட்டுருதாம், பிள்ளைக்கும் போகுதாம், பிறந்து வளர்ந்த பிறகு அதோட குணத்துல, நடத்தையில தெரியலாமாம். ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் கையிலிருந்த பார்சல் சாம்பாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், முதல் தடவை கேட்கிறவள் மாதிரி. முதல் தடவை இல்லை. மூன்று மாசம் முன்னாலேயே படித்துவிட்டேன். மில்லில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பஞ்சு மூட்டையில் தலை சாய்ப்பார்கள், எனக்குத் தலை சாய்ந்தால் மனசு எழுந்துகொள்ளும், அதனால் போனை எடுத்துக்கொண்டு எதையாவது படிப்பேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, இங்கிலீஷ் எல்லாம் நூல் அடுக்குகிற அட்டைப்பெட்டிகளின் மேல் இருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்துச் சேர்த்தது. சுகாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைத்தாய்ச்சி என்ன சாப்பிடலாம் என்று தேடப் போனேன், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று, அதைத் தொட்டால் வேறொன்று, கடைசியில் எலியில் போய் நின்றது.

பிளாஸ்டிக்கிலிருந்து இறங்குவதை எலிக்குத்தான் முதலில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வயிற்றில் குட்டியோடு இருந்த தாய் எலிகளுக்கு. பிறந்த குட்டிகளைத் திறந்த இடத்தில் விட்டால் சிலது நிலைகொள்ளாமல் ஓடுகிறது, சிலது மூலையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரப் பயப்படுகிறது. அதுகூட எனக்குப் பெரிதாகத் தைக்கவில்லை. இன்னொரு வரி இருந்தது, அந்தத் தாய் எலிகளில் சிலது குட்டியை நக்கிக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதாக. போனை அணைத்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நக்கிக்கொடுப்பது. நான் எப்போது நக்கிக்கொடுத்தேன்? ராத்திரி ஏழு மணிக்கு மில் வேன் வரும், அவள் அப்பா லாரியில் எங்கேயோ நாக்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார், பிள்ளை என் மாமியாரோடு தூங்கும், விடிந்து நான் வரும்போது அது எழுந்து தெருவில் நிற்கும், தலையைச் சீவிவிடுவேன், என் கையிலிருந்து பஞ்சு அதன் முடியில் ஒட்டிக்கொள்ளும். சீவச் சீவ வெள்ளை வெள்ளையாக ஒட்டும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுமாம், கிழவி வந்துட்டா என்று. அதுதான் நான் நக்கிக்கொடுத்தது. போதுமா அது, எலிக்கணக்கில் எத்தனை நக்கு வரும், யார் சொல்வார்கள். மறுபடி போனை எடுத்து அடுத்த பத்தியைப் படித்தேன். மனுசப் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறார்களாம், நூறு நூறாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால் லேசாக ஏதோ தெரிகிறதாம், சிலதில் தெரியவில்லையாம், ஒரு தனிப்பிள்ளையைக் காட்டி இது இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாதாம். யாராலும் சொல்ல முடியாது. இந்த மூன்று வார்த்தையை மூன்று மாசமாக வாயில் போட்டு மெல்லுகிறேன். ஒரு நேரம் இனிக்கிறது, யாராலும் சொல்ல முடியாதென்றால் உன்னால்தான் என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் கசக்கிறது, உன்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

"என்ன சுகா, வீடு மாத்துறீகளா?" பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் குரல், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிகிற உயரம், பார்க்காமலே அந்தத் தலை எனக்குத் தெரிகிறது.

"இல்லக்கா, டப்பாவத்தான் மாத்துறோம்."

"அந்தப் பச்சை மூடி போட்டது நல்லாத்தான இருக்கு. இங்கிட்டுக் குடு, அப்பளம் போட்டு வச்சுக்கிறேன்."

"வேணாம்க்கா, அதுல இருந்து என்னென்னமோ எறங்குதாம். பிள்ளைக்கு ஆகாதாம்."

"எனக்கு இனிமே என்னத்தா பொறக்கப் போகுது. என் வயித்துல எறங்கி அது என்ன பண்ணும், அதுக்குத்தான் பொழுது போகாது."

சுகா சிரித்தாள், சிரித்தால் வளையலும் சேர்ந்து சிரிக்கும். "சரி, அப்பளம் மட்டும் போடணும். சூடா எதையும் ஊத்துனீக, வந்து பிடுங்கிட்டுப் போயிருவேன்."

"உங்கம்மா தூங்குதா, இம்புட்டுச் சத்தத்துலயா?"

"அது மில்லு சத்தத்துல நின்னுக்கிட்டே தூங்குன ஆளு."

"அதானே. நீ வயித்துல இருக்கையில கடைசி மாசம் வரைக்கும் ராத்திரி வேலைக்குப் போச்சு. அங்க என்னத்தத் தின்னுச்சோ, என்னத்தக் குடிச்சுச்சோ, யாரு பாத்தா. நீ நல்லாத்தான இருக்க. என்ன கெட்டுப்போச்சு?"

வளையல் சத்தம் நின்றுவிட்டது. நான் கண்ணை இன்னும் இறுக்கினேன். ஜெயக்கொடி, உனக்கு அப்பளத்தோடு நிறுத்தத் தெரியாதா. அந்த இடத்தில் சுகா ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், அவள் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள், கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லி டீச்சரிடம் அடி வாங்கியவள். இப்போது ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தாள், டக், டக், டக். அவள் யோசித்தால் கையும் யோசிக்கும். அப்படித்தான் பிறந்ததிலிருந்து. தொட்டிலில் கால் உதைத்து உதைத்தே கயிறு தேய்ந்து அறுந்தது. நடக்கத் தெரியும் முன்னால் ஓடினாள். பாலர் பள்ளியில் பக்கத்துப் பையனின் காதைக் கடித்துவிட்டாள், ஏன் கடித்தாய் என்றால் காது அங்கேதான் இருந்தது என்கிறாள். மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் துப்பட்டாவால் பெஞ்சுக்காலோடு சேர்த்துக் கட்டிப்போட்டார், அவள் பெஞ்சையும் இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், தூக்கத்தில் கால் பின்ன ஓடுவேன், என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள், வீட்டில் சண்டையா, கருவில் ஏதும் ஆச்சா என்று ஒருவர் ஒருவராகக் கேட்பார்கள். கருவில் ஏதும் ஆச்சா. அன்றைக்கு இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருசம் வந்தவர் ஆரோக்கியமேரி டீச்சர், அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன், அவர் இவளைக் கட்டிப்போடவில்லை, மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார். ஒவ்வொரு பிரிவேளைக்கும் இவள்தான் எழுந்து ஓட வேண்டும், மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்காக அதற்கு முந்தின நேரமெல்லாம் கொஞ்சம் அடங்கி உட்கார்ந்தாள். வீட்டில் படுத்திருக்கிற எனக்கு அந்த மணி கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் பால் ஆடை கிழியும், ஆனால் பிள்ளை நல்லாத்தான் இருக்கு என்று மறுபடி படியும். டீச்சருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, ஒரு முருங்கைக்கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான், அதை அவர் வாங்கிக்கொண்டு இது யார் வீட்டு மரம் என்று கேட்டார்.

அந்த டப்பாக்கள். பச்சை மூடி போட்டது அவள் அப்பாவின் பழைய பேண்டுக்கு வாங்கியது, தெருவில் சைக்கிளில் வருகிறவனிடம். நீலத்தது மில்லில் தீபாவளிக்குக் கொடுத்தது, அதற்குள் இனிப்பு இருந்தது. ஒவ்வொன்றும் வந்த நாளில் எனக்கு எவ்வளவு சந்தோசம், இப்போது ஒவ்வொன்றாக விழுகிற சத்தத்தைக் கேட்கும்போது கோபம் வர வேண்டும்தான், வரவில்லை. அதுகளை நினைத்துப் பாவமாகக்கூட இருக்கிறது. பிளாஸ்டிக் குடம் வந்தபோது எங்கள் தெருப் பெண்களுக்கு இடுப்பு நிமிர்ந்தது. எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் எடுத்தால் இடுப்பில் நசுங்கின தழும்பு விழும், சுகா வயிற்றில் இருந்தபோது அந்தச் சிவப்புக் குடத்தால்தான் குழாயடியிலிருந்து வீடு வரை வர முடிந்தது. அதற்கு நான் எந்தக் கணக்கில் நன்றி சொல்வது, எந்தக் கணக்கில் திட்டுவது. டாக்டரம்மாவையும் திட்ட முடியவில்லை. எங்களுக்கெல்லாம் யாரும் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லவில்லை, இவளுக்குச் சொல்கிறார்கள், இவள் கேட்டுக்கொண்டு வந்து எறிகிறாள். நல்லதுதானே. நல்லதுதான். ஆனால் எறிகிறவள் கை நின்றுவிட்டது. டக், டக்.

மில்லில் டீ கவரில்தான் வரும். டம்ளரில் குடிக்க முடியாது, டம்ளருக்கு ஒரு கை வேண்டும், ரிங் பிரேமில் ஒரு கைக்கு ஏது சும்மா இருக்கிற நேரம், நூல் அறுந்துகொண்டே இருக்கும், நடந்துகொண்டே ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வெளியே டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கக் கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, எங்கள் கழிவு நூலாலேயே இறுக்கிக் கட்டி, கூடையில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். மூலையைப் பல்லால் கடித்துத் துப்ப வேண்டும், அந்த ஓட்டையை உதட்டில் வைத்து, கவரைப் பல்லில் தொங்கவிட்டுக்கொண்டே, இரண்டு கையாலும் நூல் ஒட்டலாம். நெஞ்சில் ஒரு சின்னப் பை தொங்குகிற மாதிரி ஆடும். புதிதாக வந்தவர்கள் மேலே சிந்திக்கொள்வார்கள், நாங்கள் சிரிப்போம். எனக்குப் பக்கத்து மெஷின் சவரியம்மாக்கா. வாய் நிறைய வெற்றிலை, மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல். எனக்கு மாசமானது தெரிந்த அன்றைக்கு ராத்திரியிலிருந்து அக்கா தன் கவரையும் என் கையில் வைத்துவிட்டார். "நீ குடிடீ, ரெண்டு உசுரு நீ. எனக்கு டீ குடிச்சா நெஞ்சு எரியுது." நான் நம்பினேன். கடைசி மாசம் வரைக்கும் எனக்கு இரண்டு கவர். பிள்ளை பெற்று மூன்று மாசம் கழித்து வேலைக்குத் திரும்பினால் அக்கா ஒன்றல்ல, இரண்டு கவரை அடுத்தடுத்துக் கடிக்கிறார். நெஞ்செரிச்சல் என்னக்கா ஆச்சு என்றேன். "உன் பிள்ளை பொறந்ததும் போயிருச்சுடீ" என்றார், சிரிக்கவே இல்லை. இப்போது கரூரில் மகன் வீட்டில் இருக்கிறார், கிறிஸ்துமசுக்குப் போன் பண்ணுவார், உன் வாலு எப்படி இருக்கா என்று சுகாவைத்தான் முதலில் கேட்பார். அந்த இரண்டாவது கவர். தான் குடிக்காமல் எனக்குக் கொடுத்தது. அதிலும் இறங்கியிருக்கும்தானே, முதல் கவரில் இறங்கினதோடு இதுவும் சேர்ந்து. அன்பு பண்ணிக் கொடுத்தது என்று சூட்டுக்குத் தெரியுமா. இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் நூல் அறுகிறது, ஒட்டுகிறேன், மறுபடி அதே இடத்தில் அறுகிறது. அக்காவிடம் இதை ஒருநாளும் சொல்லப் போவதில்லை, அது மட்டும் முடிவாகத் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது கவரை உடனே குடிக்க மாட்டேன். நின்று நின்று இடுப்பு விட்டுப்போகும், மெஷினுக்குப் பின்னால் தூணில் சாய்ந்து, கவரைச் சேலைக்குள் விட்டு இடுப்பில் வைத்துக்கொள்வேன், அந்தச் சூடு எலும்புக்குள் போகும், உயிர் திரும்பி வரும். ஒரு ராத்திரி அது நழுவி முன்னால் வந்து வயிற்றில் பட்டது. உள்ளே ஏதோ திரும்பியது. அசைவு முன்னாலும் இருந்ததுதான், ஆனால் இது அசைவு மாதிரி இல்லை, சத்தம் கேட்டு ஒருத்தர் தலை திருப்புகிற மாதிரி. கவரை எடுத்தேன், அடங்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது, சூடு இருக்கிற பக்கமாக. அப்புறம் தினமும் வைப்பேன். நூல் முறுக்குகிற ஆயிரம் கதிர் சுற்றுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்கிறவர் பேசினால் கேட்காத இடத்தில், நாங்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டோம், என்னிடம் அவள் முதல் முதலில் பேசினது அப்படித்தான். என் வாழ்க்கையில் எனக்கென்று யாராவது கொடுத்த பொருள் ஒன்று உண்டென்றால் அது. அதையும் இப்போது எடுத்து மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது, கெட்டிருக்குமோ என்று. கெடவில்லை. மூன்று மாசமாக மோந்து பார்க்கிறேன், கெட்ட வாடை வரவில்லை, டீ வாடைதான் வருகிறது.

அவள் அடங்காமல் இருந்தாள் என்கிறார்கள். எனக்கு அவள் தூங்காமல் இருந்ததுதான் ஞாபகம். ராத்திரி வேலைக்காரிக்கு லீவு ராத்திரிதான் நரகம், ஊரே தூங்கும், உடம்பு எழுந்து வேலையைத் தேடும், மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஏறி உட்காரும், எதற்கென்று தெரியாத துக்கம். அப்போது இருட்டில் ஒரு குரல் வரும், "அம்மா, நீயும் முழிச்சிருக்கியா?" அவளும் தூங்கியிருக்க மாட்டாள். ஐந்து வயசு, ஆறு வயசு. எழுந்து உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடுவோம், அவள் பேசிக்கொண்டே இருப்பாள், துக்கம் இறங்கிப் போய்விடும். தூங்குகிற பிள்ளை எனக்குப் பிறந்திருந்தால் அந்த ராத்திரிகளை நான் எப்படித் தாண்டியிருப்பேன், தெரியவில்லை. பகலில் இன்னொன்று செய்வாள். மத்தியானச் சாப்பாட்டு மணியைத் தானே அடித்துவிட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடி வருவாள், தூங்குகிற என் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதா என்று. பக்கத்துத் தெருவில் யாரோ பகலில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறாள். சில நாள் விளையாட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வேன், கன்னத்தில் பளாரென்று ஒன்று விழும். பெரியவளாகி பிளஸ்டூவில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி, திண்டுக்கல்லில் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க உட்காரவே விடாத கடை, கூடப் போன பெண்கள் எல்லாம் கால் வீங்கி அழுதார்கள், இவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பிறகு உட்கார இடம் கொடுக்கணும் என்று சட்டம் வந்து ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார்களாம், இவள் தன் ஸ்டூலில் ஏறி மேல் ரேக்கில் இருக்கிற சேலையை எடுத்திருக்கிறாள்.

வளையல் சத்தம் நகர்கிறது. அடுக்களையை விட்டு வெளியே வருகிறது. நிறை வயிற்றுக்காரி நடை, குதிகால் அழுந்தி அழுந்தி, ஆனாலும் வேகம் குறையவில்லை. என் தலைமாட்டில் நின்றது. டீ வாசனை. டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம், எவர்சில்வர். குனிய முடியாமல் முனகிக்கொண்டு அவள் குனிகிறாள், எனக்குத் தெரிகிறது, இமைக்கு மேல் நிழல் விழுகிறது. மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசம். எத்தனை வருசமாயிற்று. என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நடிக்காதம்மா. தூங்குற ஆளு எச்சி முழுங்காது."

கண்ணைத் திறந்தேன். சுவரைப் பிடித்து, காலை அகட்டி, மெல்ல மெல்ல உட்கார்ந்தாள்.

"டீ ஆறுது."

"ம்."

"நான் வயித்துல இருக்கையில மில்லுல எதுல டீ குடுத்தாக?"

டம்ளர் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அவள் என்னை நம்பாமல் இருந்ததில்லை. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"கவர்ல."

"சூடாவா?"

"கொதிக்கக் கொதிக்க. பல்லுல கடிச்சுத் தொங்கவிட்டுக்கிட்டே குடிப்போம்."

வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். "அப்ப எனக்கும் எறங்கியிருக்கும்."

"இருக்கலாம். ஒத்தப் பிள்ளையக் காட்டி இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதாம். நானும் படிச்சுப் பாத்தேன்."

"எப்பப் படிச்ச?"

"மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசமா சொல்லாமயா இருக்க? நான் ஒரு நாள்கூட எதையும் சொல்லாம இருந்ததில்ல."

"அது எனக்குத் தெரியாதா. தெருவுக்கே தெரியும்."

சிரிக்கப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நான் நல்லாத்தானம்மா இருக்கேன்?"

ஜெயக்கொடி சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் இவள் அதைக் கேட்டாள். இத்தனை நாள் நான் பயந்தது வேறு கேள்விக்கு. நீதானே காரணம் என்று கேட்பாள், என்ன சொல்வது என்று ராத்திரி ராத்திரியாக உருட்டினேன். இவள் அதைக் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தேன், வியர்வை, நெற்றியில் ஒட்டின முடி, துப்பட்டாவால் கட்டினபோது பெஞ்சையும் இழுத்துக்கொண்டு வந்தவளின் அதே கண்.

"உக்காந்ததுல இருந்து காலை நாலு தடவை மாத்தி வச்சுட்ட. அது ஒண்ணுதான் உனக்கு. நீ அப்படி இல்லாட்டி லீவு ராத்திரியில எனக்கு யாரு துணை இருந்துருப்பா? நான் செத்துக்கித்துப் போயிருப்பேன்டி."

"எனக்கும் தூக்கம் வராதும்மா. நீ வேற முழிச்சிருப்பியா, சரின்னு பேசுவேன்."

"சுகா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல."

சொன்னேன். தூண், இடுப்பு, நழுவினது, திரும்பினது. சவரியம்மாக்காவின் நெஞ்செரிச்சலையும் சொன்னேன். அவள் கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முடித்ததும் என் டம்ளரை எடுத்தாள். நைட்டிக்கு மேலே துண்டை மடித்துப் போட்டு, வயிற்றின் பக்கவாட்டில் டம்ளரை வைத்தாள்.

"இங்கிட்டா?"

"இன்னும் கொஞ்சம் கீழ. ரொம்பச் சூடா இருக்கா?"

"இல்ல, கதகதன்னுதான் இருக்கு. பேசாம இரு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி அப்பளத்தைப் போட்டு மூடியை அழுத்துகிற சத்தம் கேட்டது. சுகாவின் கால்விரல் நின்றது.

"யாத்தே," என்றாள், மெதுவாக. பிறகு, "வருதும்மா. சூட்டுப் பக்கமாத்தான் வருது."

"வரும்."

"இதுவும் ஒரு இடத்துல உக்காராது போல."

"உக்காராட்டி மணி அடிக்க விடு."

டம்ளரை என் கையில் கொடுத்தாள், சுவரைப் பிடித்து எழுந்தாள், மேல் பரணில் இன்னும் இரண்டு டப்பா இருக்கு, நீ ஏறாத, நான் கம்பால தள்ளிவிடுறேன் என்று போய்விட்டாள். டீயில் ஆடை படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன், சூடு கொஞ்சம் அவளிடம் போயிருந்தது, மிச்சம் எனக்குப் போதுமாக இருந்தது. உள்ளே கம்பு பரணைத் தட்டியது, டொப்பென்று ஒன்று விழுந்து உருண்டது. முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். வாடியது போக ஒரு நல்ல கொத்தாக எடுத்து, காம்பைப் பிடித்துக்கொண்டு, இலையை உருவ ஆரம்பித்தேன்.